எதில் எடுத்தாலும் ஒன்றுதான் என்பது பொய்

“சிடியே டிஜிட்டல்தானே, எந்த மென்பொருளில் எடுத்தால் என்ன?” பாட்டு சிடிகளைக் கணினிக்கு மாற்றுகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பேசுகிறார்கள். கணினியோடு வந்த மென்பொருளில் வட்டைப் போட்டு, பட்டனைத் தட்டி, சில நிமிடங்களில் வேலை முடிந்தது என்று வட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. மறுபடி கிடைக்காத ஒலிப்பதிவுகள் இதனால் வீடுவீடாகக் கெட்டுக்கொண்டிருக்கின்றன.

பாட்டு சிடியை விண்டோஸில் திறந்தால் ‘ட்ராக்01.சிடிஏ’, ‘ட்ராக்02.சிடிஏ’ என்று கோப்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் 44 பைட். ஐந்து நிமிடப் பாட்டு 44 பைட்டில் அடங்குமா? அவை பாட்டே அல்ல. எந்தப் பாட்டு வட்டில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று விண்டோஸ் தானாக உண்டாக்கிக் காட்டும் குறிப்புகள் அவை. வட்டில் இருப்பது ஒரே நீண்ட ஒலியோட்டம். 1980இல் பிலிப்ஸும் சோனியும் வகுத்த ‘ரெட் புக்’ விதிமுறை, பாட்டைக் கேட்பதற்காக எழுதப்பட்டது. கணினியில் நகலெடுப்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை.

அதன் விளைவு இன்றும் நம் தலையில் விடிகிறது. சிடியில் ஒரு நொடி ஒலி 75 செக்டார்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு செக்டாரிலும் 2,352 பைட். ஆவணங்களும் படங்களும் பதியும் சிடி-ராமில் இதில் 2,048 மட்டுமே தகவலுக்கு. மீதி, செக்டாரின் முகவரிக்கும் பிழை கண்டு திருத்துவதற்கும். பாட்டு சிடியில் அந்த இரண்டாவது காவல் கிடையாது. 2,352 பைட்டும் ஒலிதான். அடியில் ரீட்-சாலமன் குறியீட்டால் ஆன ஒரு திருத்த ஏற்பாடு உண்டு. தூசி, சிறு கீறல் என்றால் அது முழுமையாகச் சரிசெய்துவிடும். அதன் சக்தியை மீறிய சேதம் வந்தால், கருவி இரு பக்கத்து ஒலி மதிப்புகளையும் பார்த்து நடுவில் இருந்ததை ஊகித்து நிரப்பும். உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவருக்கு அது பெரிய உபகாரம். காலத்துக்கும் வைத்துக்கொள்ளப்போகும் நகலில் அது நிரந்தரப் பிழை. கோப்பில் எந்த அடையாளமும் இருக்காது.

போதாததற்கு, பாட்டு செக்டார்களுக்குத் தனி முகவரி கிடையாது என்பதால், கேட்ட இடத்திலிருந்து டிரைவ் சற்று முன்னோ பின்னோ படித்துக் கொடுக்கலாம். 1990களின் டிரைவ்களில் துண்டுக்குத் துண்டு ஒட்டாமல் டக் டக்கென்று சத்தம் கேட்டது இதனால்தான். கிறிஸ்டோபர் மான்ட்கோமரி ‘சிடிபாரனோயா’வை எழுதியதும், ஜெர்மானியரான ஆந்த்ரே வீட்ஹோஃப் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’யை எழுதியதும் இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான். எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் பாதுகாப்பு முறை ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரும்பத் திரும்பப் படிக்கும். மோசமான இடமென்றால் 80 தடவைக்கும் மேல். டிரைவ் தன் தற்காலிக நினைவகத்திலிருந்து பழைய விடையையே நீட்டி ஏமாற்றாமலிருக்க அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். இத்தனையும் வேண்டாத வேலை என்றா நினைக்கிறீர்கள்?

வட்டும் டிரைவும் நன்றாக இருந்தால் எந்த மென்பொருளும் அநேகமாக ஒரே ஒலியைத்தான் தரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது நல்ல வட்டு என்று யார் சொல்வது? நம் கண் சொல்லாது. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். அங்கே ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் அளவுக்குப் பிளாஸ்டிக் இருக்கிறது. கீறினால் மெருகேற்றிக்கூடச் சரிசெய்யலாம். ஒலியைத் தாங்கும் உலோகப் படலம் இருப்பதோ படம் அச்சிட்ட மேற்பக்கத்துக்கு ஒட்டினாற்போல், மெல்லிய பூச்சுக்கு அடியில். அங்கே கீறல் விழுந்தால் அந்த இடத்து ஒலி போனது போனதுதான்.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: படிக்க முடியாத இடம் வந்தால் அதை என்னிடம் சொல்வாயா? ஐட்யூன்ஸில் பிழைதிருத்தத்துக்கு ஒரு தெரிவு உண்டு. நாமாகப் போய்ப் போட்டால்தான் வேலை செய்யும். போட்டாலும், எந்தப் பாட்டில் சந்தேகம் என்ற அறிக்கை கிடையாது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர், காசு கொடுத்து வாங்கும் டிபிபவர்ஆம்ப் ஆகியவை அந்த அறிக்கையைத் தருகின்றன. அதோடு ‘ஆக்யுரேட்ரிப்’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் பாட்டின் ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை மற்றவர்களுடையதோடு ஒப்பிடுகின்றன. முன்பின் தெரியாத ஒருவர், வேறு ஊரில், வேறு டிரைவில் எடுத்த எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றானால், அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தமிழ் வாசகர் இங்கே ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தத் தரவுத்தளம் மற்றவர்கள் அனுப்பிய எண்களால் ஆனது. சிறு நிறுவனம் வெளியிட்ட கர்நாடக இசை வட்டுக்கு அதில் இணை இல்லாமல் போகலாம். சபாவில் யாரோ பதிந்து சிடி-ஆரில் எழுதிக் கொடுத்த கச்சேரிக்கும், கல்யாண வீட்டு நாகஸ்வரத்துக்கும் உலகத்திலேயே அந்த ஒரு வட்டுதான். அதுவும் சாயப் படலத்தில் எழுதப்பட்டது. வெயிலும் புழுக்கமும் அதைத் தின்றுகொண்டேயிருக்கும். இவற்றை இரண்டு வேறு டிரைவ்களில் தனித்தனியாக எடுத்து, எண்களை நீங்களே ஒப்பிட வேண்டும்.

கச்சேரி வட்டில் இன்னொன்றும் உண்டு. ராகம், தானம், பல்லவி, தனி ஆவர்த்தனம் என்று ட்ராக் பிரித்திருப்பார்கள். ஒலி மட்டும் இடைவெளியில்லாமல் ஓடும். எம்பி3 கோப்பு ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் தானத்திலிருந்து பல்லவிக்குப் போகிற இடம் விக்கும். ஃப்ளாக் என்ற கோப்பு வகையில் அந்தக் கோளாறு இல்லை. சிடியின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 அதில் பதினொன்றில் ஒரு பங்கு. ஃப்ளாக் ஒரு பிட்டைக்கூடத் தொலைக்காமல் ஏறக்குறையப் பாதி அளவில் நிற்கிறது. பின்னாளில் கோப்பு கெட்டால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு எண்ணையும் உள்ளேயே சுமக்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரியாதே என்பார்கள். நல்ல எம்பி3யில் தெரியாமல் இருக்கலாம். ஃப்ளாக்கிலிருந்து கைபேசிக்கு எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எம்பி3யிலிருந்து சிடிக்குத் திரும்ப வழியில்லை.

விலை உயர்ந்த மென்பொருளில் எடுத்தால் ஒலி ‘இனிமையாக’ இருக்கும் என்கிறவர்களுக்கும் இதே கண்டனம்தான். ஒலி மதிப்புகள் ஒன்றானால் ஒலியும் ஒன்றுதான். மேலே சொன்னவற்றில் மூன்று இலவசமாகவே கிடைக்கின்றன.

மடிக்கணினிகளிலிருந்து சிடி டிரைவ் போய்விட்டது. வெளியிலிருந்து இணைக்கும் டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. முன்பு அவசரமாக எடுத்த வட்டுகள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பாதுகாப்பு முறையில் மறுபடி எடுங்கள். அறிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள். அதையும் கோப்புகளோடு சேர்த்து வையுங்கள். பிழையில்லை என்று அறிக்கை சொன்ன பிறகும், ஒரே பிரதியான வட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.