அளக்காமல் மாற்றாதீர்!



பழைய பிக்கப் வண்டி காலையில் கிளம்ப மறுத்தால், நம்மிடையே ஒரே மருத்துவம்தான் நடைமுறையில் உள்ளது. முதலில் பேட்டரியை மாற்று. பிறகு ஆல்டர்னேட்டரை மாற்று. அப்போதும் சரிவரவில்லையா, ஸ்டார்ட்டரை மாற்று! இதற்குப் பழுதுபார்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் இதனைச் சூதாட்டம் என்பேன். ஆடுபவர் பட்டறைக்காரர், பணயம் வைக்கப்படுவதோ வண்டிக்காரரின் பணம்.

அது யாருடைய பணம் என்று எண்ணிப் பாருங்கள். சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவர், புல்வெட்டும் குத்தகையாளர், பழைய இரும்பு வாங்கி விற்பவர் ஆகியோரின் பணம். இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த ஹைலக்ஸ் அல்லது இசுசு வண்டியே அவர்களுடைய கடையும் முதலீடும் ஆகும். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் இத்தகையோர் பலர். தேவையற்ற ஓர் ஆல்டர்னேட்டருக்கு அவர்கள் கொடுக்கும் தொகை, பிள்ளையின் பல மாதப் பேருந்துக் கட்டணம். ஆகவேதான் ஆசிரியனாகிய நான் இதைப்பற்றி எழுதுகிறேன்.

இந்தச் சூதாட்டத்துக்கு மாற்று வழி 1827ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளிக்கு மகனாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய கியோர்க் சைமன் ஓம் என்பவர்தான் அதை வகுத்தவர். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். அவ்வளவுதான்! இதை ஒரு பிக்கப் வண்டியில் பொருத்திப் பார்ப்போம்.

டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கு மேலும் மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். எஞ்சினுக்குச் செல்லும் எர்த் கம்பியின் முனையில் துருவேறி, வெறும் 0.005 ஓம் தடை உண்டாகியிருக்கிறது எனக் கொள்வோம். 200 × 0.005 = 1 வோல்ட். அந்த ஒரு வோல்ட் ஸ்டார்ட்டரைச் சென்றடையாது. துருப்பிடித்த முனையிலேயே வெப்பமாக வீணாகிவிடும். துரு மிகுந்தால் இழப்பும் மிகும். இந்நிலையில் புதிய பேட்டரி வைத்தால், அதன் கூடுதல் வலிமையால் வண்டி சில வாரங்களுக்குக் கிளம்பும். பட்டறைக்காரர் வென்றுவிட்டதாக நினைப்பார். பிறகு பழைய கதை மீண்டும் தொடங்கும். இம்முறை பழி ஆல்டர்னேட்டரின் மேல் விழும்!

அளப்பதற்கு என்ன வேண்டும்? ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, கைத்தடையை இழுத்துவிட்டு, நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. காலையில், வண்டியைக் கிளப்பும் முன் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே: முழு மின்னேற்றத்தில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அவ்வாறெனில் முதலில் மின்னேற்றுங்கள், பிறகு சோதியுங்கள்.

2. ஸ்டார்ட்டர் சுழலும்போது: முழு மின்னேற்றத்துக்குப் பின்னும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் மேல் ஐயம் கொள்ளலாம்.

3. எஞ்சின் ஓடும்போது: 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால், பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் குற்றமற்றது.

4. மீண்டும் ஸ்டார்ட்டர் சுழலும்போது, பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே: 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. நேர்முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் தடித்த கம்பி முனைவரை 0.5 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

நான்காவது சோதனைதான் உயிர்நாடி. பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் அதுவே. கம்பியை ஓம் அளவையில் வைத்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வது வீண். நூறு இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் அப்படித்தான் காட்டும். சுமை ஏறும்போதுதான் கம்பியின் உண்மை வெளிப்படும்.

காதையும் பயன்படுத்துங்கள். படபடவெனத் தொடர்ந்து 'டிக் டிக்' ஒலி கேட்டால் பேட்டரி வலுவிழந்திருக்கலாம். அல்லது முனைகள் துருவேறியிருக்கலாம். ஒரே ஒரு கனத்த 'டக்' என்றால், ஸ்டார்ட்டரின் சொலினாய்டிலுள்ள செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கக்கூடும். பல ஸ்டார்ட்டர்களில் அவற்றை மட்டுமே மாற்றலாம். ஒலியே இல்லையென்றால் சாவித் துவாரத்தின் சுவிட்ச், ரிலே, பியூஸ் பக்கம் செல்லுங்கள். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் விட்டுவிடுங்கள். பழைய டீசல் எஞ்சின்களில் எரிபொருளைத் திறந்துவிடும் சொலினாய்டுக்கு மின்சாரம் வருகிறதா, குளோ பிளக்குகள் சூடேறுகின்றனவா என்று பாருங்கள்.

நின்ற வண்டியிலேயே பேட்டரி தீர்ந்துபோகிறதா? பின்னாளில் பொருத்திய வானொலியோ எச்சரிக்கை மணியோ 0.5 ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்தே நாளில் காலி! எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் ஆம்பியர் மீட்டரை இணைத்து, பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் திருடன் அகப்படுவான். மீட்டர் அவ்வாறு இணைந்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டரைச் சுழற்றாதீர். மீட்டரின் பியூஸ் கருகிவிடும்.

ஒரு வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரிக் கம்பியைப் பிடுங்கி, "எஞ்சின் நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நல்லது" என்று தீர்ப்புச் சொல்கிறார்களே, அது சோதனையன்று, கொலை முயற்சி! அந்நொடியில் மின்னழுத்தம் திடீரென எகிறும். நல்ல ஆல்டர்னேட்டரின் டையோடுகளே அதனால் சிதையக்கூடும்.

"முப்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது, எனக்கு மீட்டர் எதற்கு?" என்பார் சிலர். அனுபவம் எங்கே தேடுவது என்று சொல்லும். கண்டது உண்மையா என்று மீட்டர்தான் சொல்லும். முப்பது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவரும் இரத்த அழுத்தத்தை அளந்துதானே பார்க்கிறார்?

பழி முழுவதும் பட்டறைக்காரரைச் சேராது. பாகத்துக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட்டைத் தயங்காமல் எண்ணி வைக்கும் நாம், அரைமணி நேரம் அளந்து பார்த்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். "கம்பியைத் தேய்த்ததற்கா காசு?" என்கிறோம். அறிவுக்குக் கூலி கொடுக்காத ஊரில் பாகங்கள்தாம் விற்பனையாகும்.

வகுப்பறையும் தப்பவில்லை. தொடக்கப்பள்ளி அறிவியலில் மின்சுற்று கற்பிக்கிறோம். பல்பு ஏன் எரியவில்லை என்றால் மாணவன் உடனே "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்கிறான். நாமும் சரியென்று குறியிட்டுவிட்டு நகர்கிறோம். "எப்படித் தெரியும்? சோதித்துக் காட்டு" என்று கேட்பதில்லை. அவனே நாளை பட்டறையிலும் நிற்பான், வண்டிக்குச் சொந்தக்காரனாகவும் நிற்பான்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை "இதை மாற்ற வேண்டும்" என்று யாரேனும் சொன்னால் சினம் கொள்ளாதீர்; பணிவாக ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, எத்தனை வோல்ட் காட்டியது?" எண் சொன்னால் பாகத்துக்கும் பணம் கொடுங்கள், அளந்த உழைப்புக்கும் பணம் கொடுங்கள். எண் இல்லையென்றால் பணப்பையை மூடிவிடுங்கள்.