ஓவன் இல்லாத வீட்டுக்கும் ஓர் ஈஸ்டர் இனிப்பு



வேம்பார் தொடங்கி மணப்பாடு வரை முத்துக்குளித்துறையில் வாழும் என் உறவுகளே, பனிமய மாதா பேராலயத்தின் மணியோசை கேட்டு வளர்ந்த அக்காமாரே, மைனிமாரே, தம்பி தங்கச்சிமாரே, சிங்கப்பூரிலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். தவக்காலம் முடியப்போகிறது. குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஈஸ்டருக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு கடல்பாசி இனிப்பு செய்யுங்கள். அதில் பாதியை நம் கோயிலுக்கு வராத வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சின்ன விஷயம்தான். ஆனால் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் ஈஸ்டர் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு பாஸ்கா திருவிழிப்பு. புது நெருப்பு, பாஸ்கா திரி, அல்லேலூயா, மணி. விடிந்தால் கறி வாங்க வரிசை. மதியம் சொந்தக்காரர்களோடு சாப்பாடு. வருகிறவர்கள் கையில் கேக்கோ மக்ரூனோ இருக்கும். தூத்துக்குடி மக்ரூனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, இந்த மூன்றை வைத்துக்கொண்டு நம் பேக்கரிக்காரர்கள் செய்கிற வேலையை உலகத்தில் எங்கே போனாலும் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் மக்ரூனுக்கு முட்டை வேண்டும், ஓவன் வேண்டும், முந்திரி வாங்கக் காசும் வேண்டும். திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் ஒற்றை அறை வீட்டில் இருக்கிற ஒரு அக்கா அதைச் செய்ய முடியாது, வாங்கத்தான் முடியும். சைவம் சாப்பிடுகிற அடுத்த வீட்டுக்காரர் அதைத் தொட முடியாது. கறிக்குழம்பை அவர் வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முடியாது. இப்படியே நம் பெரிய பண்டிகை நமக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது.

ஆடி மாதத்தில் நாம் இப்படி இருப்பதில்லை. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் மாதா திருவிழாவுக்கு ஊரே வருகிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏற்றிக் கும்பிட்டுப் போகிறார்கள். தங்கத்தேர் ஓடுகிற ஆண்டுகளில் வடம் பிடிக்கிற கையில் யார் கை எது என்று யாரும் பார்ப்பதில்லை. உயிர்ப்பு ஞாயிறு நம் விசுவாசத்துக்கே அடித்தளமான நாள். அந்த நாளில் மட்டும் ஊர் நம் வாசலுக்கு வெளியே நிற்பது சரியில்லை.

நான் இருக்கிற வீவக அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே மாடியில் மலாய்க் குடும்பமும், சீன பௌத்தக் குடும்பமும், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைவக் குடும்பமும் இருக்கின்றன. நோன்புப் பெருநாளுக்கு மலாய் வீட்டு அம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டி அகர் அகர் கொடுப்பார். நாம் கடல்பாசி என்கிறோமே, அதுதான். தேங்காய்ப்பால் அடுக்கு ஒன்று, பனைவெல்ல அடுக்கு ஒன்று. எல்லா வீட்டிலும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இதில் என்ன போட்டிருக்கிறது என்று யாரும் தயங்கிக் கேட்பதில்லை. பாசி, தேங்காய், வெல்லம், அவ்வளவுதான். ஓஃபிர் ரோட்டில் 1888இல் திறந்த லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வருகிற நாங்களும் இப்போது ஈஸ்டருக்கு இதையே செய்து மாடி முழுக்கக் கொடுக்கிறோம். கேக் கொடுத்தால் வாசலில் நின்று நன்றி சொல்வதோடு முடிந்துவிடும். இதைக் கொடுத்தால் உள்ளே கூப்பிடுகிறார்கள்.

இது சிங்கப்பூர்ப் பலகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்பு திறக்கிற நேரத்தில் கஞ்சியோடு கடல்பாசியும் வரும். கடப்பாசி என்றும் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர்கள் நமக்கு அந்நியர் இல்லை. முத்துப் பார்களுக்குத் தோணி போன காலத்தில் பரதவரும் முஸ்லிம் குளியாட்களும் ஒரே கடலில் மூழ்கினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் எடுத்த சிப்பியில் அரசுக்கு இரண்டு பங்கு, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. மூழ்குகிறவன் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கும். 1961இல் நடந்ததுதான் நம் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. கடல் சேர்த்து வைத்த அந்த உறவு அதன்பிறகு மெல்லக் குறைந்துபோனது. ஆனால் அதே கடல் இன்னும் பாசி கொடுக்கிறது. இரண்டு ஊர் அடுப்பிலும் ஒரே பண்டம் கொதிக்க முடியும்.

நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான இனிப்பும் கிடையாது. ஜெல்லிக்குப் பயன்படுத்தும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. அதனால் பலரால் அதைச் சாப்பிட முடியாது. போதாததற்கு ஏப்ரல் மாதத் தூத்துக்குடி மதியத்தில் அது உருகி ஓடிவிடும். கடல்பாசி அப்படியில்லை. கொதிநீரில் கரைந்து, ஏறக்குறைய 40 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது கெட்டியாகிறது. ஒருமுறை கெட்டியானால் ஏறக்குறைய 85 பாகை வரை சூடேற்றினால்தான் மறுபடி இளகும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டிலும் உறையும், வெயிலில் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்தாலும் நிற்கும்.

இந்தக் குணம் மருத்துவத்துக்கே உதவியிருக்கிறது. 1881இல் ஜெர்மனியில் வால்தர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் ஜெலட்டின் மேல் கிருமிகளை வளர்க்கப் பார்த்தார். கோடையில் அது உருகிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறை இனிப்புகள் மட்டும் ஏன் உருகுவதில்லை என்று சொல்லி அகரைக் காட்டினார். முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு டச்சுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் கற்றுக்கொண்டது அது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்துக்கும் அது போனது. இன்றுவரை உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்ப்பது அகர் தட்டில்தான். ஊர்விட்டு ஊர் போன ஒருவர் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்த பண்டம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

இந்தப் பாசி நம் மன்னார் வளைகுடாவில் வளர்கிறது. கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அகர் எடுக்கப் பயன்படுபவை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. அதன்பிறகு, தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்து வந்த ராமநாதபுரம் கரைப் பெண்களின் பிழைப்பு நெருக்கடிக்கு உள்ளானது. விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பாறையிடுக்கில் மூழ்கிப் பாசி எடுக்கிற பெண்கள் அவர்கள். தங்கள் உரிமைக்காகப் பேசியதோடு நிற்காமல், மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலுக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. முத்துக்குளித்த ஆண்களைப் பற்றி நம் வீடுகளில் எத்தனையோ கதை சொல்வோம். பாசிக்காக மூழ்குகிற பெண்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கடையில் வாங்கும்போது, இது நம் கரைப் பாசியில் செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். கேட்பவர்கள் கூடினால் கடைக்காரர் தேடி வைப்பார். கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளி வந்து கொதிக்க வைத்துவிடாதீர்கள். சுத்தம் செய்து, வேகவைத்து, வடித்து, உலர்த்தி வருவதுதான் கடையில் கிடைக்கிற வெள்ளை நார்.

இனி செய்முறை. நடுத்தர அளவுத் தட்டு ஒன்றுக்குச் சொல்கிறேன்.

உலர்ந்த கடல்பாசி நார் 10 கிராம் எடுத்துத் துண்டாக வெட்டி, 600 மில்லி தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வையுங்கள். 150 கிராம் கருப்பட்டியை 150 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் விடக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி அது. சீனி கலக்காததைத் தெரிந்த பனையேறிகளிடம் வாங்குங்கள். ஒரு தேங்காயைத் துருவி முதல் பால் 250 மில்லி எடுத்து, இரண்டு கரண்டி சீனியும் ஒரு சிட்டிகை நம்மூர் உப்பும் போட்டு வையுங்கள். உப்பு போட்டால்தான் தேங்காய்ப்பாலின் இனிப்பு எழும்பி வரும்.

ஊறிய பாசியை அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு நார்கூடக் கண்ணில் படாத அளவுக்குக் கரைய வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கலாம். இதில் அவசரப்பட்டால் தட்டு முழுக்கத் திரிதிரியாக இருக்கும். கரைந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் சூடான கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கலக்கி, தட்டில் ஊற்றுங்கள். மற்றப் பாதியை மிகச் சிறிய தீயில் இளகிய நிலையிலேயே வைத்திருங்கள்.

பங்குனி, சித்திரையில் நுங்கு வந்துவிடும். இளநுங்கைத் தோல் நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, கருப்பட்டி அடுக்கின் மேல் பரப்புங்கள். அந்த அடுக்கை விரலால் தொட்டால் மேலே ஆடை கட்டியிருக்க வேண்டும், உள்ளே இன்னும் ஆட வேண்டும். அதுதான் பக்குவம். முழுக்கக் கெட்டியான பிறகு அடுத்த அடுக்கை ஊற்றினால் வெட்டும்போது இரண்டு அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். தேங்காய்ப்பாலை வெதுவெதுப்பாக மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும், குளிர்ந்த பாலை ஊற்றினால் பாசி கட்டி கட்டியாக உறையும். மீதிப் பாசியோடு அதைக் கலந்து, கரண்டியின் முதுகில் விட்டு மெதுவாக மேலே ஊற்றுங்கள். தட்டை அகலமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் உறைந்துவிடும். பிறகு டைமன் துண்டுகளாக வெட்ட வேண்டியதுதான்.

தேங்காய்ப்பால் இருப்பதால் அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே சாப்பிட வேண்டும். சனிக்கிழமையே செய்து வைக்காதீர்கள். திருவிழிப்பு முடிந்து தூங்கி எழுந்து, கறி அடுப்பில் ஏறுவதற்கு முன் இதை முடித்துவிடலாம். பாசி கரைக்கிற சட்டியையும் கரண்டியையும் தனியாக, சுத்தமாக வைத்திருங்கள். முட்டை இல்லை, இறைச்சி இல்லை, ஜெலட்டின் இல்லை என்று சொல்லிக் கொடுக்கும்போது அந்தச் சொல் முழு உண்மையாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், சின்னத் துண்டாகக் கொடுங்கள்.

யாருக்குக் கொடுப்பது? முதலில் இந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டுக்கு. அவர்கள் பலகாரம் செய்ய மாட்டார்கள், நாம்தான் கொண்டுபோக வேண்டும். பிறகு அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்துக்கு, பெருநாளுக்கு நமக்குக் கொடுத்துவிட்ட முஸ்லிம் குடும்பத்துக்கு. உப்பளத்தில் வெயிலில் நிற்கிற தொழிலாளர்களுக்கு. துறைமுகத்தில் கப்பலைவிட்டு வீட்டுக்குப் போக முடியாமல் ஈஸ்டரைக் கழிக்கிற மாலுமிகளுக்கும் ஒரு தட்டு போகலாம். ஒவ்வொரு அன்பியமும் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் விடுபடுகிற வீடு குறையும். பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர்களுக்குப் பக்கத்துத் தெருவின் பெயர்கள் தெரிய வேண்டும்.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். உயிர்ப்புக்குப் பின் அவர் செய்ததில் ஒன்று, கடற்கரையில் சமைத்துப் பரிமாறியது. கடற்கரை மக்களான நமக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்லிவிட முடியாது.

ஆகவே அக்காமாரே, மைனிமாரே, அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, தட்டு ஒன்று போதும். செலவு கொஞ்சம், நேரம் கொஞ்சம். உயிர்ப்பு ஞாயிறு காலை பத்து மணிக்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாதித் தட்டு தெருவுக்குப் புறப்படட்டும். அடுத்த ஆண்டு நான் வந்தால் என்னையும் ஒரு தெருவுக்கு அனுப்புங்கள்.

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

உங்கள் பிள்ளை,
சிங்கப்பூரிலிருந்து