பெட்டியில் உறங்கும் பின்னல் துணி

ஆடையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பட்டைப் பற்றிப் பேசுவர். அன்றேல் கதரைப் பற்றிப் பேசுவர். நாள்தோறும் உடுத்து, களைந்து, துவைத்து, உலர்த்தி, மீண்டும் உடுத்தும் எளிய ஆடையைப் பற்றிப் பேசுவார் அரியர். காப்பியச் சுவையும் இலக்கண நுட்பமும் ஆராயப்படும் இம்மலரிற் பாவாடை தைப்பதைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நேயர்கள் முறுவலிக்கக் கூடும். முறுவலிக்கட்டும். புகார் நகரத்துத் தொழிலாளரை நிரல்படக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் துன்னகாரரை, அஃதாவது தையற்காரரை, மறவாது கூறியுள்ளது. இளங்கோவடிகள் இடங்கொடுத்த தொழிலுக்கு இம்மலரும் இரண்டொரு பக்கம் கொடுத்தலாற் குறையொன்றுமில்லை.

யாம் சொல்ல வந்தது இது. நம் இல்லங்களிற் பெட்டியிலும் பரண்மீதும் பல்லாண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கும் பின்னல் துணியை, பலரும் பனியன் துணி என்று தாழ்த்திப் பேசும் அதனை, நாமே வெட்டித் தைத்து நாள்தோறும் உடுத்தல் வேண்டும். நல்லதொரு நாள் வருமென்று அதனைப் பூட்டி வைத்தல், அத்துணிக்கும் அதனை அரும்பாடுபட்டுச் சேர்த்தவர்க்கும் நாம் இழைக்கும் தீங்காகும்.

இதனைச் சொல்ல எமக்கு ஓர் உரிமை உண்டு. எம் ஊர் திருப்பூர். எம் அன்னையார் பதினான்கு ஆண்டுகள் ஒரு பனியன் கம்பெனியிற் செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து வந்த ஆடைகளை விளக்கின் கீழ் விரித்து, விட்டுப்போன தையலையும் துளையையும் கறையையும் கண்டு பிரித்து வைப்பதே அவ்வேலை. நாள் முழுவதும் நின்றுகொண்டு செய்வது. வேலை முடிந்து எஞ்சிய துணியைக் கம்பெனியார் எடைக்கு விற்பதுண்டு. கூலியில் மிச்சம் பிடித்து அதனை ஒரு கிலோ, இரண்டு கிலோ என வாங்கி வந்து, எம் வீட்டுத் தகரப்பெட்டியில் அன்னையார் அடுக்கி வைத்தார். எம் நினைவு தெரிந்த நாள் முதல் அப்பெட்டி நிறைந்தே இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டேனும் வெட்டப்பட்டதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் யாம் அதனைத் திறந்து கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபொழுது, “நல்ல துணியாச்சே கண்ணு, கெட்டுப் போச்சுன்னா என்ன பண்றது?” என்றார் அன்னையார். அவர் அஞ்சிய கேடு ஏற்கெனவே நிகழ்ந்திருந்தது. மேலடுக்கில் இருந்த வெள்ளைத் துணியின் மடிப்புகள் மஞ்சளித்திருந்தன. லைக்ரா கலந்த ஒரு துணியை இழுத்துப் பார்த்தோம், இழுத்தபடியே தொங்கிற்று. அவ்விழை நாட்படக் கிடந்தாலும் வெப்பம் பட்டாலும் மீளுந்தன்மையை இழந்துவிடுவது. எம் வீடோ தகரக்கூரை வேய்ந்தது. கத்தரிக்கோலுக்குத் தப்பிய துணி காலத்திற்குத் தப்பவில்லை.

நிற்க. பின்னல் துணி என்பது யாது? நெசவுத் துணியிற் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். பின்னல் துணியிலோ ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணியாகி, ஒரு கண்ணி மற்றொரு கண்ணியைக் கோத்துக்கொண்டு செல்லும். இழுத்தாற் கண்ணி அகலும், விட்டாற் சுருங்கும். குனிந்தாலும் சம்மணமிட்டு அமர்ந்தாலும் உடலோடு ஒத்து அது வளைந்து கொடுப்பதன் மருமம் இதுவே. கையால் மட்டும் நடைபெற்று வந்த இத்தொழிலுக்கு 1589-ஆம் ஆண்டில் இயந்திரம் கண்டவர் இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயரைச் சார்ந்த வில்லியம் லீ என்பவர். அவர் பின்னியவை காலுறைகள். அன்று தொட்டுப் பலநூறாண்டு பின்னல் துணி காலுறையாகவும் உள்ளாடையாகவுமே பெரிதும் வழங்கிற்று. ஆகலின் அதற்கு வெளியிற் செல்லும் தகுதி இல்லை என்றதோர் எண்ணம் படிந்துவிட்டது.

இவ்வெண்ணம் நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டில் முதல் உலகப்போர் நடந்தகாலை, ஆடவர் உள்ளாடைக்கே பயன்பட்டு வந்த ஜெர்சி என்னும் பின்னல் துணியைக் கேப்ரியல் ஷனெல் என்னும் பெண்மணி எடுத்து, 1916-ஆம் ஆண்டளவிற் பெண்டிர்க்கு மேலாடைகளாகத் தைத்து விற்றார். இறுகக் கட்டிய இடுப்புக் கச்சைகளுக்குப் பழகிய சீமாட்டிகள் அதனை விரும்பி உடுத்தனர். பாரிசு நகரத்துச் சீமாட்டிகள் வெட்கப்படாத துணிக்கு, அதனை ஊரெல்லாம் பின்னிக் குவிக்கும் திருப்பூர்ப் பெண்கள் யாம் வெட்கப்படுகின்றோம்! விடுதியில் யாம் தைத்த பாவாடையைக் கண்ட தோழி ஒருத்தி, “இது வீட்டில் உடுத்துவதன்றோ?” என வினவினாள். வீட்டில் உடுத்தத் தகும் இன்பம் வகுப்பறையில் ஏன் தகாது என்று யாம் திருப்பிக் கேட்டோம். அவள் விடை கூறவில்லை. அடுத்த வாரம் தன் அளவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனித் தைக்கும் முறையைப் பற்றிச் சிறிது கூறுவோம். பின்னல் துணியை வீட்டு இயந்திரத்தில் தைக்க இயலாது, ஓவர்லாக் இயந்திரம் வேண்டும் என்பது பரவலான கருத்து. அது முழு உண்மையன்று. எனினும் எம் முதல் முயற்சி அதனை உண்மையென்றே காட்டிற்று. சாதாரண ஊசியைக் கொண்டு தைத்தோம். தையல் இடையிடையே விட்டுவிட்டு ஓடிற்று. கூரிய நுனி கண்ணியின் நூலைக் குத்துகின்றது. நுனி மழுங்கிய ஊசியோ நூலை விலக்கிக்கொண்டு கண்ணிகளுக்கு இடையே நுழைகின்றது. கடைகளிற் பால்பாயிண்ட் ஊசி என்று கேட்டாற் கொடுப்பர். அதனினும் பெரும்பிழை ஒன்று செய்தோம். துணியின் இழுவை எத்திசையில் மிகுதி என்று நோக்காது வெட்டிவிட்டோம். பின்னல் துணி குறுக்குவாட்டில் மிகுதியாகவும் நெடுக்குவாட்டிற் குறைவாகவும் நீளும். மிகுதியாக நீளும் பக்கம் இடுப்பைச் சுற்றி வரவேண்டும். எம் பாவாடையில் அது மேலிருந்து கீழாக வந்துவிட்டது. காலையிற் கணுக்காலுக்கு மேல் நின்ற பாவாடை மாலைக்குள் தெருப்புழுதியைக் கூட்டிற்று. அன்னையார் நகைத்தார், யாமும் நகைத்தோம். வீணாயிற்று என்று அவர் சொல்லாதிருந்ததுதான் எமக்கு வியப்பு.

அப்பிழையே ஒரு நன்மையையும் கற்பித்தது. பாவாடையின் பக்கத் தையல் நெடுக்கே செல்வது. அத்திசையில் இழுவை குறைவாதலால், நேர்த்தையல் மட்டுமே போடும் பழைய மிதிப்பொறியிலும் பாலியெஸ்டர் நூல்கொண்டு தைத்தால் அஃது அறுவதில்லை. குறுக்கே இழுபடும் இடங்கள் இடுப்பும் கீழோரமுமே. இடுப்பில் துணியை மடித்து, எலாஸ்டிக் நுழையுமளவு இடம்விட்டு, துணியைச் சிறிதே இழுத்துப் பிடித்துக்கொண்டு தைத்தல் வேண்டும். கீழோரத்தைத் தைக்காமலும் விட்டுவிடலாம். நெசவுத் துணியைப்போல அது நூல்நூலாகப் பிரிந்து போகாது; சிங்கிள் ஜெர்சியாயின் சிறிது சுருண்டு நிற்கும், அவ்வளவே.

திருப்பூரில் வாழ்வோர்க்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. வட்டப் பின்னல் இயந்திரத்தில் துணி குழாய் வடிவிலேயே பின்னப்படுகின்றது. வெட்டி விரிக்கப்படாத அக்குழாய்த்துணி காதர்பேட்டைக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். தட்டையாக வைத்து அளந்தால் 22 அங்குலம் அகலமுள்ள குழாய், சுற்றளவில் 44 அங்குலம் ஆகும். அதனை 39 அங்குல நீளத்திற்கு வெட்டி, மேலே 2 அங்குலம் எலாஸ்டிக்கிற்கும் கீழே 1 அங்குலம் மடிப்பிற்கும் விட்டால், பக்கத் தையலே இல்லாத பாவாடை ஆயிற்று. எலாஸ்டிக்கை இடுப்பளவினும் இரண்டு மூன்று அங்குலம் குறைத்து வெட்டுக. சிங்கிள் ஜெர்சி சலவைக்குப் பின் முறுக்கிக்கொள்ளும் இயல்பினது. கடையில் வாங்கிய ஆடைகளின் பக்கத் தையல் முன்புறமாக வந்து நிற்பதற்குக் காரணம் அதுவே. தையலே இல்லாத பாவாடையில் முறுக்கினாலும் கண்டறிவார் யார்? வெட்டுமுன் துணியை ஒருமுறை நனைத்துத் துவைத்து உலர்த்துதல் மட்டும் இன்றியமையாதது. பருத்திப் பின்னல் முதற் சலவையிற் சுருங்கியே தீரும். தைத்தபின் சுருங்கினால் உடுப்பவர் தங்கைதான்.

கவுன் தைப்பது சிறிது கடினம். எனினும் அச்சத்திற்கு இடமில்லை. நமக்குத் தளர்வாகப் பொருந்தும் பழைய டி-சட்டை ஒன்றை மடித்துத் துணிமேல் வைத்து, அதன் ஓரமாக வரைந்து, இடுப்பிற்குக் கீழே அகலித்துக்கொண்டு போனால் வெட்டும் உருவம் கிடைத்துவிடும். துணியே நீண்டு கொடுப்பதால் பொத்தானும் ஜிப்பும் வேண்டா. கழுத்துப் பட்டையைக் குறுக்குவாட்டில் வெட்டி, கழுத்துச் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்கு நீளமே வைத்து, இழுத்துத் தைக்க வேண்டும். அன்றேற் கழுத்து வாய்பிளந்து நிற்கும். தோள் தையலில் ஒரு நாடாவை வைத்துத் தைத்தால் தோள் சரிந்து தொங்காது. இவற்றை எமக்குக் கற்பித்தவர் அன்னையாரே. தாம் ஒருநாளும் தைக்காதவர், பதினான்கு ஆண்டு பிறர் தைத்ததன் குறைகளையே நோக்கி நோக்கித் தையலின் நிறைவை அறிந்திருந்தார்!

கடையில் மலிவாகக் கிடைக்கும்பொழுது வீட்டிற் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன் என்று வினவுவார் உளர். கணக்கிட்டுக் காண்போம். ஒரு சதுர மீட்டர் 180 கிராம் எடையுள்ள துணியில் மேற்கூறிய பாவாடைக்கு ஏறக்குறைய 200 கிராம் செல்லும். ஒரு கிலோவில் ஐந்து பாவாடை. பெட்டியிற் கிடக்கும் துணிக்கு விலை கொடுக்க வேண்டியதுமில்லை. ஆயினும் யாம் பணத்தை முன்னிட்டுப் பேசவில்லை. மலிவென்று வாங்கும் ஆடையைத் தைத்தவளுக்கு எவ்வளவு கூலி கிடைத்திருக்கும் என்பதை எம் வீட்டார் நன்கறிவர். மேலும், கடையில் தொங்கும் பெண்கள் ஆடைகளிற் பையுள்ளது எத்தனை? ஆடவர்க்கு நான்கு பை. நமக்கோ நூலக அட்டையும் விடுதித் திறவுகோலும் பேருந்துக் காசும் கையிலேயே. யாம் தைத்த ஒவ்வொரு கவுனிலும் பாவாடையிலும் கை மணிக்கட்டளவு புகும் பை ஒன்று வைத்துள்ளோம். ஈதொன்றுக்காகவே தைக்கக் கற்கலாம் என்போம். குழாய்ப் பாவாடையிற் பக்கத் தையல் இல்லையாதலின் பையை வெளியில் ஒட்டித் தைக்க வேண்டும். எழிலில் அது சிறிது குறைந்ததே, மறுக்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. பெட்டியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் காணும்போது எமக்கு நொய்யல் ஆறு நினைவுக்கு வருகின்றது. நொய்யலின் குறுக்கே 1992-இற் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, உழவர்க்குப் பயன்படாது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும், அதனால் வேலையிழந்து வாடிய குடும்பங்களையும் எம் ஊரார் மறவார். ஆற்றையும் உழவரையும் விலையாகக் கொடுத்து ஏற்றிய சாயம் ஒருவர் உடலையும் அணி செய்யாமற் பெட்டியிருளில் வெளுத்துப் போவதை எவ்வாறு பொறுப்பது?

யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் நாம் வாசித்துள்ளோம். அவள் பெயரால் தொற்காள் சங்கங்கள் பல திருச்சபைகளில் உண்டு. அவள் இறந்தபொழுது கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளே. அவள் வீட்டுப் பெட்டியில் எவ்வளவு துணி இருந்தது என்று வேதம் கூறவில்லை.

எம் அன்னையார் சேலையன்றிப் பிறிது உடுத்தார். உள்பாவாடையின் நாடா அவர் இடுப்பில் ஆண்டுக்கணக்கில் இறுகி, விரலளவு கருந்தழும்பு ஒன்றை இட்டுள்ளது. நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள் பலர்க்கும் இத்தழும்பு உண்டு. அதனை ஒரு நோயாக அவர்கள் எண்ணுவதில்லை. பெட்டியின் அடியில் இருந்த கருநீல இன்டர்லாக் குழாய்த்துணியை வெட்டி, ஒன்றரை அங்குல அகலமுள்ள எலாஸ்டிக் வைத்து, நாடாவில்லாத உள்பாவாடை ஒன்று அவர்க்குத் தைத்தோம். சேலைக் கொசுவம் நில்லாது என்று முதலில் மறுத்தார். அகன்ற எலாஸ்டிக்கில் அது நன்றாகவே நின்றது. மறுநாள் மாலை யாம் கல்லூரிக்குத் திரும்பப் பேருந்து ஏறும்வரை அவர் அதனைக் குறித்து ஒன்றும் சொல்லவில்லை.

இம்மாதத் தொடக்கத்தில் வீட்டிற்குச் சென்றபொழுது பெட்டி திறந்திருந்தது. கருநீலத் துணியில் எஞ்சியதை அன்னையார் தாமே நனைத்துக் கொடியில் உலர்த்தியிருந்தார். பக்கத்து வீட்டு அக்காள் இருவருடைய இடுப்பளவு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டு, கத்தரிக்கோலின் கீழ் வைக்கப்பட்டிருந்தது.