குன்றிமணி எடைகூடக் கிடையாது!

பற்பம், செந்தூரம் என்றால் நாங்கள் குன்றிமணி எடை, அரிசி எடை என்று நிறுத்துத்தான் கொடுப்போம். இனிப்புக் கடையில் கலர் பவுடரை எப்படிப் போடுகிறார்கள்? கைக்கு வந்தபடி!

அனுமதிக்கப்பட்ட செயற்கைக் கலரானாலும், ஒரு கிலோ இனிப்பில் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது நம் சட்டம். ஒரு குன்றிமணி எடையே சுமார் 130 மில்லிகிராம்!

‘சன்செட் யெல்லோ’ என்ற ஆரஞ்சுக் கலரை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம்தான் தினசரி எல்லை என்பது உலக நிபுணர்கள் போட்ட கணக்கு. 15 கிலோ குழந்தைக்கு 60 மில்லிகிராம். சட்டப்படி செய்த ஜாங்கிரியை அரைக் கிலோ தின்றாலும் இதைத் தாண்டாது. பத்து மடங்கு கலர் போட்டிருந்தால்? ஒன்றிரண்டு ஜாங்கிரியிலேயே எல்லை முடிந்துவிடும்.

ரோடமின்-பி போன்ற துணிச்சாயத்துக்கு இந்தக் கணக்கே கிடையாது, துளியும் ஆகாது. அது கலந்த பஞ்சுமிட்டாயை 2024-ல் தமிழக அரசு தடை செய்தது.

எந்தக் கலர் என்று பார்த்தால் மட்டும் போதாது. எவ்வளவு என்றும் அதிகாரிகள் பரிசோதனைச் சாலையில் அளந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் தராசில் நிறுத்துப் போடட்டும்.

நீங்கள்? கண்ணைப் பறிக்கிற கலர் என்றால், ‘வேண்டாம்ப்பா’ என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக் கேசரிக்குக் குங்குமப்பூவோ, பீட்ரூட் சாறோ போதுமே!