கிருமிகளின் கைமாற்று

நோய்க்கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவதற்கு, மாத்திரையை அரைகுறையாய் விழுங்கும் ஏழைகளே காரணம் என்று கருத்தரங்குகளில் பேசக் கேட்கிறோம். இது பாதி உண்மை. மீதியையும் நம் மக்கள் அறிய வேண்டும்.

யப்பானில் 1950களில் வயிற்றுளைவு பரவியபோது சல்பா, ஸ்ரெப்ரோமைசின், குளோரம்பெனிக்கோல், ரெற்றாசைக்கிளின் ஆகிய நான்குக்கும் அடங்காத கிருமிகள் தோன்றின. ஒரு மருந்தை மட்டும் எடுத்தவரிடமும் நான்கையும் எதிர்க்கும் கிருமி காணப்பட்டது! அவர் குடலில் வழமையாக வாழும் வேறினக் கிருமிகளிடமும் அதே எதிர்ப்பு இருந்தது. 1959இல் ஒச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் இவ்விரு இனங்களையும் ஒன்றாகக் கலந்து வளர்த்தன. எதிர்ப்பு ஒன்றிலிருந்து மற்றதற்குச் சென்றது.

கன்று தாய்ப்பசுவிடமிருந்து குணங்களைப் பெறுகிறது. கிருமியோ அயலில் இருப்பதிடமும் பெறும். எருமையோடு உரசிய வெள்ளைப் பசு கறுத்து, அதன் கன்றுகளும் கறுப்பாகவே பிறந்தால் எப்படியிருக்கும்? 'பிளாஸ்மிட்' எனும் சிறு வளையத்தில் பல மருந்துகளை எதிர்க்கும் பரம்பரை அலகுகள் சேர்ந்திருக்கும். இரு கிருமிகள் ஒட்டும்போது அதன் பிரதி கைமாறுகிறது. நம் கைமாற்றுப் போலன்றி, கொடுத்தது எதையும் இழப்பதில்லை.

ஆகவே தொழுவத்தில் வளர்ந்த எதிர்ப்பு தொழுவத்தோடு நிற்காது. சீனாவில், நோய் தீர்க்க அல்ல, விலங்குகளை விரைவாகக் கொழுக்கவைக்கவே கொலிஸ்ரின் எனும் மருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தொன் தீனில் கலக்கப்பட்டது. மனிதருக்கு மற்ற மருந்துகள் கைவிடும்போது கொடுக்கும் கடைசி மருந்துகளில் அதுவும் ஒன்று. அதை எதிர்க்கும் அலகு பிளாஸ்மிட்டில் ஏறி, பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிலும் இருப்பது 2015இல் வெளியானது. 2017இல் சீன அரசு அதைத் தீனில் கலப்பதைத் தடுத்தது. பின்னர் அந்த எதிர்ப்பு பண்ணைகளிலும் மனிதரிலும் குறைந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை இந்தியாவும் 2019இல் தடைசெய்தது.

மருந்தைத் தீனில் கலந்து மூட்டை கட்டியவர் ஏழை விவசாயி அல்லர். அவர் காசு கொடுத்து வாங்கியவர். பலவேளை உள்ளே இருப்பது என்னவென்று அறியாமலே வாங்கியவர். குற்றத்தை அவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

நாமும் சுகமான கோழிக்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை. சுகவீனமானால் மிருக வைத்தியரைக் கேட்போம். பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பாவிக்கும் இடத்தில் கோழி எச்சத்தைக் கிணற்றடியில் குவிக்கவேண்டாம். வாழ்வாதார உதவியென்று குஞ்சும் தீனும் தரும் நிறுவனங்களிடம் ஒன்று கேளுங்கள்: மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று தமிழில் எழுதித் தரட்டும்.