சாப்பிட்ட தட்டை யார் எடுப்பது?



சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருபது நாள் தங்கிவிட்டுக் காணை வந்து சேர்ந்தேன். "ஊர் எப்படி சார் இருந்தது?" என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். உயரமான கட்டடங்களையும் விமான நிலையத்தையும் நீங்களே போட்டோவில் பார்த்திருப்பீர்கள். ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்தைப் பார்த்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு.

அங்கே குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. சீனர் கடை, மலாய்க்காரர் கடை, நம்மவர் கடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகிறார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நமக்கு இது புதிதாகத் தெரியவில்லை! சாப்பிட்டு முடித்ததும் டை கட்டிய ஆபீசரும் கட்டட வேலை செய்பவரும் தங்கள் தட்டைத் தாங்களே தூக்கிக்கொண்டு போய் அடுக்கில் வைக்கிறார்கள். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு.

இதைப் பார்த்துவிட்டு, "அவங்க பிறவியிலேயே ஒழுங்கு, நம்ம ஜனம் திருந்தாது" என்று சொல்பவர்கள் நம் உறவிலேயே உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே தூய்மை இயக்கத்தை லீ குவான் யூ 1968இல் தொடங்கினார். தெருவோரக் கடைகளை ஒரு கூரைக்குள் கொண்டுவர அதன்பின் பல ஆண்டுகள் பிடித்தன. தட்டை எடுத்து வைக்காதவருக்கு முதலில் எழுத்தில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 வெள்ளி அபராதம் என்ற கெடுபிடி 2021 செப்டம்பரில்தான் வந்தது. அதற்கு முன் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். ஆக, பழக்கினால் வருகிற பழக்கம்தான் இது. நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பையன்களும் அங்கே தட்டை எடுத்துத்தான் வைக்கிறார்கள்.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. மேசை துடைப்பவர்களில் என் வயதுக்காரர்களையே நிறையப் பார்த்தேன். மனம் கஷ்டப்பட்டது.

சரி, நம் ஊரில் இது ஏன் வரவில்லை? சோம்பல் என்பது பாதி பதில். மீதி பதிலைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். டீக்கடைகளில் தனிக்குவளை இருந்த காலத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலனியிலிருந்து வந்தவர் குடித்த குவளையை அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஊர்க்காரர் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போகலாம். தன் எச்சிலைத் தானே கழுவுவதை இப்படி இழிவாக்கி வைத்ததால், கழுவாமல் எழுவது கௌரவமாகிவிட்டது. வீட்டுக்குள்ளும் அதே கணக்குதான். ஆண் எழுந்து கை கழுவப் போவான், தட்டை அம்மாவோ மனைவியோ எடுப்பாள்.

இதற்கு மருந்தும் நம்மிடமே இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த என் பிள்ளைகளே, நினைத்துப் பாருங்கள். 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர். ஊர்த்தெருப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரே குழாயடியில் அவரவர் தட்டை அவரவரே கழுவினீர்கள். அதில் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் அந்தப் பழக்கம் எங்கே போயிற்று?

சிங்கப்பூர், துபாய் என்று வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். அடுத்த முறை லீவில் வரும்போது வாத்தியாருக்குச் சென்ட் பாட்டில் வேண்டாம். உங்கள் வீட்டில், உங்கள் மகன் பார்க்க, சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். அவனும் கழுவட்டும். இங்கே அபராதம் போட யாரும் வரமாட்டார்கள். அபராதம் இல்லாமலே செய்ய முடியும் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர், காணை.