கை விட்டுப்போன துப்பாக்கி

சென்ற மார்கழியில் அமெரிக்காவிலிருந்து நமக்கு ஒரு நீண்ட கடிதம் வந்தது. எழுதியவர் முன்னொரு காலத்தில் நம்மிடம் சரித்திரம் படித்த பிள்ளை. இப்போது பென்ஸில்வேனியா மாகாணத்தில் எஞ்ஜினியராக இருக்கிறார். வகுப்பில் கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்க்கும் ரகம். அப்படிப்பட்டவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பிரித்தோம். எட்டுப் பக்கமும் துப்பாக்கியைப் பற்றி!

"பயப்படாதீர்கள், ஸார். நான் ஒன்றும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒன்றை விற்றுவிட்டார். விற்று ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகிறது. இன்னும் அவருக்கு மனம் ஆறவில்லை" என்று கடிதம் ஆரம்பமாயிற்று.

அந்தத் துப்பாக்கி இன்னதென்று நேயர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கக் குதிரைக்காரர்களைப் பற்றிய சினிமாப் படம் பார்த்தவர்கள் அனைவரும் அதைப் பார்த்தவர்களே. விசைக்குக் கீழே, விரல்கள் நுழையும்படியாக ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறித்து, புதுத் தோட்டா தானே உள்ளே ஏறிக்கொள்ளும். லீவர் துப்பாக்கி என்பது அதன் பெயர். பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் 1860-ல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அவருடைய முதலாளி, சட்டை தைத்து விற்றுப் பொருள் சேர்த்த ஆலிவர் வின்செஸ்டர். சட்டைக்காரருடைய பெயர் சட்டையினால் நிலைக்கவில்லை. 1866, 1873, 1886, 1892, 1894 என்று வருஷங்களையே பெயராகக் கொண்டு வெளிவந்த துப்பாக்கிகளினால் நிலைத்துவிட்டது.

இவற்றின் மினுமினுப்பைப் புகழ்கிறவர்கள் குழலின் மறுமுனையில் நின்றவர்களை அதிகமாகப் பேசுவதில்லை. ஆனால் துப்பாக்கிக்குப் பட்சபாதம் கிடையாது. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் கஸ்டர் என்னும் தளபதியின் படையை லகோட்டா, செயென் வீரர்கள் அழித்தபோது, பட்டாளத்தார் கையில் ஒரு சமயம் ஒரே தோட்டா போடக்கூடிய துப்பாக்கி. பூர்வ குடிகள் பலருடைய கையிலோ ஹென்றியும் வின்செஸ்டரும். 1983-ல் அந்தப் புல்வெளி தீப்பற்றி எரிந்த பிறகு நடந்த ஆராய்ச்சியில் தோட்டாக் கூடுகள் மண்ணிலிருந்து வெளிவந்து இதற்குச் சாட்சி சொல்லின. நம் தேசத்திலே இந்த வம்பு இல்லை. 1878-ல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் புண்ணியத்தால், பாட்டனார் துப்பாக்கியை விற்றுவிட்டேனே என்று ஏங்கும் பாக்கியம் நம்மவர்களில் மிகச் சிலருக்கே வாய்த்தது.

அமெரிக்காவிலோ ஊருக்கு ஊர் துப்பாக்கிச் சந்தைகள் நடக்கின்றன. அங்கே வருகிறவர்கள் துப்பாக்கி வாங்குவதைவிட, வாங்காமல் விட்ட கதையைப் பேசுவதே அதிகம் என்கிறார் நம் மாணவர். அடகுக் கடையில் மலிவாகத் தொங்கியதாம், பத்து டாலர் குறைக்கச் சொன்னாராம், கடைக்காரன் மறுத்தானாம், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் வேறொருவன் கொண்டு போய்விட்டானாம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், சொல்பவரும் சிரிக்கிறார்.

இத்தகைய கதைகளுக்கு ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. 1873-ஆம் வருஷத்து மாதிரியில், குழல்களைச் சுட்டுப் பார்த்து மிக நன்றாகக் குறி தவறாதவற்றைத் தனியே பொறுக்கி, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து 100 டாலருக்கு விற்றார்கள். அப்படி வெளிவந்தவை 130-க்குச் சற்று மேல்தான். 1950-ல் ஹாலிவுட்டில் அந்தத் துப்பாக்கியை வைத்து ஒரு படம் எடுத்தபோது, மிச்சம் இருப்பவற்றைத் தேடி விளம்பரம் செய்தார்கள். தம் வீட்டு மூலையில் கிடந்தது இன்னதென்று அறியாதிருந்த சிலர் அப்போதுதான் அறிந்தார்கள். 2016-ல் 1886 மாதிரியின் முதல் எண்ணிட்ட துப்பாக்கி - ஜெரோனிமோ என்ற அபாச்சி வீரரைத் துரத்திச் சென்ற லாட்டன் என்னும் காப்டனுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது - ஏலத்தில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. இதைக் கேட்டபின் அடகுக் கடைக் கதைக்காரர்களுக்குத் தூக்கம் வருமா?

ஆனால் அவர்களுடைய துக்கத்தை நாம் பெரிதாக மதிக்கவில்லை. கையில் இல்லாத ஒன்று கையில் வராமற் போயிற்று, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் சங்கதி வேறு.

அவருடைய தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின்பு கூலியில் மிச்சம் பிடித்து, 1894 மாதிரித் துப்பாக்கி ஒன்று வாங்கினார். அது அபூர்வமான சாமானல்ல. ஜான் பிரௌனிங் என்ற மேதாவி வகுத்த அந்த மாதிரி, 2006-ல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படும் வரையில் 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆணி, சுத்தியல் விற்கும் கடையிலெல்லாம் அதுவும் தொங்கும். 1968-ல் சட்டம் வந்து தடுக்கும்வரை தபாலில்கூடத் துப்பாக்கி வரவழைக்கலாம். மான் வேட்டைக்குப் போகும் ஏழைக் குடியானவனுக்கும் தொழிலாளிக்கும் உரிய துப்பாக்கி அது.

பென்ஸில்வேனியாவில் நவம்பர் மாதக் கடைசியில், நன்றி கூறும் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டை துவங்குவது வழக்கமாக இருந்தது. அன்று பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை! உபாத்தியாயரும் பிள்ளைகளும் காட்டில் இருக்கையில் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்து என்ன பிரயோஜனம்? (2019 முதல் சனிக்கிழமையன்றே வேட்டை ஆரம்பமாகிவிடுகிறது. இதிலுள்ள நஷ்டம் எங்களைப் போன்ற உபாத்தியாயர்களுக்குத்தான் புரியும்.) அப்படி ஒரு திங்கட்கிழமை, பெரியவர் பத்து வயதுப் பையனாகத் தகப்பனார் பின்னால் பனியில் நடந்து போனார். தகப்பனார் வழுக்கி விழுந்தார். துப்பாக்கியின் கட்டை, கை பிடிக்கும் இடத்தில் விரிந்துவிட்டது. அன்றிரவே சமையலறை மேஜையில் வைத்து, இரண்டு பித்தளைத் திருகாணிகளை முடுக்கி, தகப்பனார் அதைச் சரிப்படுத்தினார். பையன் விளக்கைப் பிடித்துக் கொண்டிருந்தான்.

தகப்பனார் காலமானார், துப்பாக்கி மகனுக்கு வந்தது. 1970-களில் ஆலையில் வேலை போயிற்று. அதே சமயம் இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்ட வேண்டும். வழியில் போன ஒருவர் 90 டாலர் கொடுத்தார். பெயர் கேட்கவில்லை, ரசீது இல்லை, எண்ணையும் குறித்து வைக்கவில்லை. "வேலை கிடைத்ததும் இதேபோல் இன்னொன்று வாங்கிக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். கடைக்குக் கடை இருந்ததே!" என்றாராம் நம் மாணவரிடம்.

கடையில் இருந்தது உண்மை. 'இதேபோல்' என்பதுதான் உண்மையில்லை. 1964-ல் செலவைக் குறைப்பதற்காக அந்தக் கம்பெனி செய்முறையை மாற்றிவிட்டது. எஃகைக் கடைந்து செய்த உறுப்புகள் சிலவற்றுக்குப் பதிலாகத் தகட்டை அழுத்தியெடுத்த உறுப்புகள் வந்தன. வளையத்தை ஒரு முறை தள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் கைக்குத் தெரிந்துவிடுமாம். '64-க்கு முந்தியது' என்பது அன்றுமுதல் அங்கே ஒரு மந்திரம். இன்று வின்செஸ்டர் பெயரைத் தாங்கி வரும் 1894 மாதிரி ஜப்பானில் செய்யப்படுகிறது; வேலைப்பாட்டில் குறை சொல்வதற்கில்லை என்கிறார்கள். போட்டிக் கம்பெனியான மார்லின் 2007-ல் ஒரு கை மாறி, வாங்கியவர்கள் திவாலாகி, 2020-ல் மறு கை மாறிற்று.

பெரியவருக்குப் பிற்பாடு காசு வந்தது. 64-க்கு முந்தியதாகவே ஒன்று வாங்கினார். தகப்பனார் வாங்கிய காலத்தைச் சேர்ந்தது. நிறம், கனம், எண்ணெய் வாசனை எல்லாம் அப்படியே. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் வைத்தார். அரைமணி நேரம் பார்த்தார். உறையில் போட்டு மூடிவிட்டார்.

அதுமுதல் சந்தைக்குச் சந்தை போகிறார். பழைய 1894 எதைக் கண்டாலும் எடுத்து, விலைச் சீட்டைப் பாராமல், கட்டையைத் திருப்பிப் பித்தளைத் திருகாணி இருக்கிறதா என்று பார்க்கிறார். 70 லட்சத்தில் ஒன்றைத் தேடுகிறார்! விற்பவர்கள் இவரைக் கிறுக்கு என்று எண்ணுகிறார்கள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம்.

அவருடைய சமையலறைச் சுவரில் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படம் ஒட்டியிருக்கிறதாம். 2014 நவம்பரில் நெவாடா மாகாணத்தில், கிரேட் பேஸின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தின்மேல் சாய்ந்தபடி ஒரு 1873 வின்செஸ்டர் அகப்பட்டது. கட்டை வெடித்து நரைத்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. 1882-ல் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது என்று வயோமிங்கில் கோடி நகரத்துப் பொருட்காட்சிசாலையில் உள்ள ஏடுகள் சொல்கின்றன. யாருக்குப் போயிற்று என்பது ஏட்டில் இல்லை. யார் சாத்தி வைத்தார், ஏன் திரும்பவில்லை என்பது மரத்துக்குத்தான் தெரியும்.

"அவன் திரும்பி வந்து தேடியிருப்பான்; மரம் தப்பிப் போயிருக்கும்" என்பது பெரியவருடைய கட்சி.

கடிதத்தின் எட்டாம் பக்கத்துக்கு வருகிறோம். பெரியவர் வாங்கினாரே, அந்தத் துப்பாக்கியின் கட்டையில் யாரோ பேனாக் கத்தியால் 'ஜே. எம்.' என்று கோணலாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிறுபிள்ளை கைவேலை. தேய்த்து மெருகிட்டால் விலை ஏறும் என்று பலர் சொல்லியும் பெரியவர் கேட்கவில்லை. ஒவ்வொரு சந்தைக்கும் அதைக் கொண்டு போய், எழுத்துக்கள் மேலே தெரியும்படி மேஜையில் வைக்கிறார். 'விற்பனைக்கு அல்ல' என்று பக்கத்தில் ஓர் அட்டை. விற்காத சாமானைச் சந்தைக்கு ஏன் சுமந்து வருகிறீர் என்று கேட்டால், "இதை விற்றவன் ஒருவன் இருப்பான் அல்லவா?" என்கிறாராம்.

இதுவரையில் ஒருவரும் வரவில்லை. பெரியவருக்கு இப்போது இரவில் கண் சரியாகத் தெரிவதில்லை. அடுத்த சந்தைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போக நம் மாணவரைக் கேட்டிருக்கிறார். அவரும் சரி என்று சொல்லியிருக்கிறார்.